ஏழு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்

ஜனவரி 12

அன்புள்ள சிட்டுக்கு,

அக்கா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதில் பாதிதான் உண்மை. நான் நலம். அத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். மெதுவாக நடக்கிறார். வலது கைதான் சொன்ன பேச்சுக் கேட்க மாட்டேன் என்கிறது. உன் இருமல் எப்படி இருக்கிறது? ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்காதே என்றால் கேட்கவா போகிறாய்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். பக்கவாதத்தில் அத்தானுக்குப் பேச்சு போய்விட்டது, சிட்டு. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் வார்த்தை வருவதில்லை. வாரம் இரண்டு முறை பேச்சுப் பயிற்சி டீச்சர் ஒருவர் வீட்டுக்கு வருகிறார். அவர்தான் சொன்னார்: "போன்ல வர்ற குரல் அவருக்குக் குழம்பும்மா. தெரிஞ்சவங்க யாராவது கடிதம் எழுதினா, பக்கத்துல உட்கார்ந்து மெதுவா வாசிச்சுக் காட்டுங்க. ஒவ்வொரு வார்த்தையா திருப்பிச் சொல்ல வைங்க." எங்களுக்குக் கடிதம் எழுத உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? நீ எழுதுவதை ஒரு எழுத்து விடாமல் அவருக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். ஆகையால் அவரைப் பற்றிய வம்பு எதுவும் இருந்தால் தனித் தாளில் எழுது.

ஒரு அதிசயம் சொல்கிறேன். போன வாரம் பள்ளிச் சீருடை ஒன்றைத் தைத்துக்கொண்டே அத்தானுக்கு உயிரான அந்தப் பாடகியின் பாட்டை முணுமுணுத்தேன். முதல் வரி முடிந்ததும் பின்னாலிருந்து இரண்டாவது வரி வந்தது. முழுசாக, பிசிறில்லாமல். திரும்பிப் பார்த்தால் அத்தான் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறார்! "என்னங்க, தண்ணி வேணுமா?" என்று கேட்டால் "த... த..." என்று தவிக்கிற மனுஷன். பாட்டும் பேச்சும் மூளையில் வேறு வேறு இடத்தில் இருக்குமாம், சிலருக்கு இப்படி நடக்குமாம். டீச்சர் அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டே பேச்சை இழுத்து வருகிறார். "கதவு", "தண்ணி", "போதும்" மூன்றும் வந்துவிட்டன.

பஸ் ஓட்டிய காலம் முழுக்க அந்த அம்மா பாட்டைத்தானே பாடிக்கொண்டிருந்தார். பயணிகள் கத்துவார்களாம், "டிரைவர் சார், சுதியைப் பிடிச்சது போதும், பிரேக்கைப் பிடிங்க" என்று. அந்தப் பாடகி ஏப்ரலில் எங்கள் ஊருக்கு வருகிறார். இனிமேல் மேடை ஏறப்போவதில்லையாம், இதுதான் கடைசிச் சுற்று. டிக்கெட் விற்பது உங்கள் கம்பெனிதான். அத்தானை எப்படியும் அழைத்துக்கொண்டு போய்விடுவேன். வாங்குவதில் ஏதாவது சூட்சுமம் இருந்தால் சொல்லு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

இருமல் குறைந்துவிட்டது. ஜன்னலும் மூடியிருக்கிறது. அத்தான் பாடினார் என்று படித்ததும் ஆபீஸ் சாப்பாட்டு அறையில் எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்தவள் ஏதோ துக்கச் செய்தி என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அத்தான், இது உங்களுக்குப் பயிற்சி: "என் கொழுந்தியாள் கெட்டிக்காரி." மூன்று முறை சொல்லுங்கள். அக்கா முகத்தைப் பார்க்காமல் சொல்லுங்கள், அப்போதுதான் தடுமாறாது.

டிக்கெட் விஷயத்தில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை, அக்கா. விற்பனை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே போய் உட்கார்ந்துகொள். விற்பனைப் பக்கம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. நான் திரையில் வருகிற வாசகங்களை எழுதுகிறவள். "வருக", "நன்றி", "மீண்டும் முயலவும்", இந்த மாதிரி. எங்கள் உறவுக்காரர்களுக்கு நாங்களே வாங்கிக் கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பான விதி வேறு இருக்கிறது.

ஒரு நல்ல செய்தி. நான் எழுதிய ஒரே ஒரு வரியை மேலாளர் எல்லோர் முன்பும் உரக்க வாசித்துப் பாராட்டினார். "இத்தனை சின்ன வாக்கியத்துல இத்தனை வேகமா!" என்றார். வேலை நிரந்தரமாகும் போலிருக்கிறது. என்ன வரி என்று நேரில் சொல்கிறேன்.

இதற்கு மேலே ஒரு வரியை அடித்திருக்கிறேன், பார்த்திருப்பாய். பேனா மை கொட்டிவிட்டது, வேறொன்றுமில்லை.

அன்புடன்,
சிட்டு

பிப்ரவரி 9

அன்புள்ள சிட்டுக்கு,

நலம். அத்தான் உன் பயிற்சியைச் செய்தார். "கெட்டிக்காரி" வரவில்லை. "கெட்ட" வரைக்கும் வந்து நின்றுகொண்டு சிரித்தார். அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று!

டிக்கெட் வாங்கிவிட்டேன். இரண்டு பேருக்கும். ஆனால் அந்தக் கதையை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

என் போனில் திரை சின்னது என்று, பக்கத்துக் கடையில் சாவி செய்து கொடுக்கிற சாவிக்காரர் தன் கம்ப்யூட்டரைக் கொடுத்தார். அவரும் அந்தப் பாடகிக்கு உயிரை விடுகிற ஆள்தான். அத்தானைப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்துக்கொண்டேன். முதலில் வரிசை. எனக்கு முன்னால் ஒரு ஊரே நின்றது. திரையில் ஒரு குட்டி மனிதன் நடந்துகொண்டே இருந்தான், அவன் கால் வலித்ததோ என்னவோ, எனக்கு வலித்தது. ஒருவழியாக உள்ளே விட்டார்கள். மாடியில் கடைசி வரிசையை, விளம்பரத்தில் போட்ட விலையில், அழுத்தினேன். "மன்னிக்கவும், சற்றுமுன் விற்றுவிட்டது." அடுத்ததை அழுத்தினேன். அதுவும் மன்னிக்கவும். மூன்றாவதும். பிறகு மாடியே திரையிலிருந்து மறைந்துவிட்டது. கீழே மேடைக்குப் பக்கத்து வரிசைகள் மட்டும் நின்றன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விலை மாறுகிறது, சிட்டு! துணிக்கடையில் நாம் புடவையைக் கையில் எடுத்ததும் கடைக்காரன் விலைச் சீட்டை மாற்றி ஒட்டினால் சும்மா விடுவோமா?

மேலே சிவப்பில் ஒரு கடிகாரம் குறைந்துகொண்டே வந்தது. அதற்குக் கீழே எழுதியிருந்தது: "இந்த இருக்கையை இப்போது ஏழு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்." அதைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. அந்த ஏழு பேரும் என் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பதுபோல் இருந்தது. அத்தான் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். "பா... பா..." என்றார். பாட்டு என்கிறார், சீக்கிரம் வாங்கு என்கிறார் என்று நினைத்து அழுத்திவிட்டேன். வீட்டுக்கு வந்து அமைதியாகக் கேட்டபோதுதான் தெரிந்தது. "பார்த்து" என்று சொல்ல வந்திருக்கிறார்.

விலைக்கு மேலே சேவைக் கட்டணம், அதற்கு மேலே வசதிக் கட்டணம். யாருடைய வசதி என்று போடவில்லை.

கையிலிருந்தது டீச்சருக்கு எடுத்து வைத்த பணம். அது போய்விட்டது. பள்ளி திறக்கும் சமயத்தில் சீருடை வேலை குவியும், அதுவரைக்கும் வரவேண்டாம் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டேன். பயிற்சியை நானே வீட்டில் கொடுத்துக்கொள்வேன். என்ன பெரிய வித்தை, "அ" சொல்லு, "ஆ" சொல்லு என்பதுதானே. மூன்று நான்கு மாதம்தானே.

உன்னைப் பாராட்டினார்களே, அது என்ன வரி? அத்தான் தினமும் உன் கடிதத்தை எடுத்து அந்த இடத்தில் விரலை வைத்துக் கேட்கிறார். நீ தடியாக அடித்த வரியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

உன் அக்கா

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஆபீசில் தலைக்குமேல் வேலை. வேலை நிரந்தரமாகிவிட்டது, சொல்லவேண்டும் என்று சொல்கிறேன், பெரிய விஷயம் ஒன்றுமில்லை.

இத்துடன் கொஞ்சம் பணம் அனுப்பியிருக்கிறேன். டீச்சரை உடனே திரும்ப வரச் சொல். நிறுத்தாதே, அக்கா. தயவுசெய்து நிறுத்தாதே. நீ கொடுக்கிற பயிற்சியும் டீச்சர் கொடுக்கிற பயிற்சியும் ஒன்றில்லை.

உன் கடிதத்தை நிறைய தடவை படித்தேன். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இங்கே வெயில் வந்துவிட்டது. ஆபீஸ் எதிரே சாலையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள்.

அத்தானுக்கு என் அன்பு.

சிட்டு

மார்ச் 14

அன்புள்ள சிட்டுக்கு,

வேலை நிரந்தரமானதைப் போய் "பெரிய விஷயம் ஒன்றுமில்லை" என்று எழுதுகிறாயே, உனக்கு என்ன வந்தது? தெருவில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. அத்தான் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். பணத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் முதல் நிரந்தரச் சம்பளத்தை நான் பிடுங்கிக்கொண்டேன் என்றிருக்கக் கூடாது. நல்ல செருப்பாக ஒன்று வாங்கிக்கொள். உன் உடம்பைப் பற்றி "நான் நலம்" என்று ஒரு வார்த்தையோடு விட்டுவிட்டாயே? எழுத்து கூட இளைத்துப் போயிருக்கிறது.

அத்தானைப் பற்றிக் கேட்டாய். கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். "கதவு" போய்விட்டது. "தண்ணி" ஒரு நாள் இருக்கிறது, ஒரு நாள் இல்லை. நான் சொல்லிக் கொடுத்தால் எரிச்சல் வருகிறது அவருக்கு. எனக்கும்தான் வருகிறது. நேற்று "ஏங்க, கதவுன்னு சொல்லுங்க, அதுல என்ன கஷ்டம்?" என்று கத்திவிட்டேன். எழுந்து போய்க் கதவைத் திறந்து காட்டினார். பிறகு ரொம்ப நேரம் அங்கேயே நின்றார்.

இன்னொரு கூத்து. சாவிக்காரரோடு சண்டை. அவர் இன்னும் டிக்கெட் வாங்கவில்லை, தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறார். தன் கடை முழுக்க ஆள் இருக்கும்போது என்னிடம் சொல்கிறார்: "அக்கா, அந்த ஏழு பேரு கதை சுத்தப் பொய். எந்த சீட்டை அமுக்கினாலும் ஏழு பேரு. எந்நேரம் பாத்தாலும் ஏழு பேரு. தூணுக்குப் பின்னாடி ஒரு சீட்டு இருக்கு, மேடையே தெரியாது, அதையும் ஏழு பேரு பாத்துக்கிட்டு இருக்காங்களாம். தூணையா பாக்குறாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுரீரென்றது. "என் தங்கச்சி அங்கதான் வேலை பாக்குறா. பொய் எழுதிப் பிழைக்கிற இடத்துல அவ ஒரு நாள் இருக்கமாட்டா. வார்த்தையை அளந்து பேசுங்க" என்று சொல்லிவிட்டேன். பாவம், அவர் முகம் வாடிவிட்டது. சொன்னது சரிதானே?

கச்சேரிக்கு நீயும் வாயேன். ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வந்தால் அத்தானுக்குத் தெம்பாக இருக்கும். அந்த வரி என்ன என்பதையும் நேரில் சொல்லிவிடலாம்.

உன் அக்கா

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

நலம். லீவு கிடைக்காது. வர முடியாததற்கு மன்னித்துவிடு.

சாவிக்காரரோடு சண்டை போடாதே. நல்ல மனிதராகத் தெரிகிறார். முடிந்தால் அவரிடம் நீயாகவே போய்ப் பேசிவிடு.

அத்தானைக் கதவு சொல்லச் சொல்லி வற்புறுத்தாதே.

சிட்டு

ஏப்ரல் 20

அன்புள்ள சிட்டுக்கு,

நாங்கள் நலம். கச்சேரிக்குப் போய்வந்தோம்.

அத்தானுக்கு இஸ்திரி போட்ட சட்டை. காலர் பட்டன் அவரே போட்டுக்கொண்டார், இடது கையால். மண்டபத்துக்குள் போய் எங்கள் இடத்தில் உட்கார்ந்தோம். மேடை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எங்களுக்கு வலது பக்கம் யாரும் இல்லை. இடது பக்கமும் யாரும் இல்லை. வருவார்கள் என்று நினைத்தேன். விளக்கை அணைக்கிற நேரம் ஆயிற்று. முன் வரிசைகள் பல்லுப் போன வாய் மாதிரி கிடந்தன. அப்போது சீருடை போட்ட ஆட்கள் மாடிக்கு ஓடி, "கேமராவுல காலி சீட்டு தெரியக் கூடாது, கீழ வாங்க, கீழ வாங்க" என்று கூப்பிட்டார்கள். ஜனங்கள் திபுதிபுவென்று இறங்கி வந்து எங்களைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அத்தானுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் யார் தெரியுமா? சாவிக்காரர். கடைசி வாரத்தில் மாடியைத் திரும்பத் திறந்துவிட்டார்களாம், விளம்பரத்தில் போட்டதில் பாதி விலைக்கு. அவர் தன் தண்ணீர் பாட்டிலை அத்தானுக்கு நீட்டினார். அந்த மனுஷனைக் கடையில் வைத்து அப்படிப் பேசினேனே என்று இருந்தது.

பாடகி வந்தார். வயசாகிவிட்டது, குரல் அப்படியே இருக்கிறது. அத்தானுடைய பாட்டு வந்ததும் மைக்கை எங்கள் பக்கம் நீட்டி எல்லோரையும் பாடச் சொன்னார். மண்டபமே பாடியது. அத்தான் வாயைத் திறந்தார். முதல் இரண்டு வார்த்தை வந்தது. பிறகு நின்றுவிட்டது. பாட்டும் நின்றுவிட்டது, சிட்டு. பேச்சு போனது போலவே. திரும்பத் திரும்ப வாயைத் திறந்து பார்த்தார். நாற்காலிக் கையைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்துவிட்டது. சாவிக்காரர் அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, சுதியும் இல்லாமல் தாளமும் இல்லாமல், அவருக்கும் சேர்த்துப் பாடினார். நான் மேடையைப் பார்க்கவே இல்லை.

டீச்சரை விட்டிருக்கக் கூடாது. அது என் தப்பு. அந்த ஒரு நிமிஷத்தில் அவசரப்பட்டதும் என் தப்பு.

நீ எழுதிய அந்த வரி என்ன என்று அத்தான் இனிமேல் கேட்கமாட்டார். நானும் கேட்கமாட்டேன்.

அக்கா

ஏப்ரல் 27

அக்கா,

அது உன் தப்பில்லை. இந்தக் கடிதத்தை அத்தானுக்கு வாசிப்பதும் வாசிக்காமல் விடுவதும் உன் இஷ்டம்.

"இந்த இருக்கையை இப்போது ஏழு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்." அதுதான் அந்த வரி. நான்தான் எழுதினேன். ஏழு பேர் கிடையாது. ஒருவர்கூடக் கிடையாது. எத்தனை பேர் என்று போடலாம் என்று ஒரு மத்தியானம் முழுக்க யோசித்தேன். ஐந்து என்றால் குறைவாகத் தெரிகிறது, பத்து என்றால் யாரும் நம்பமாட்டார்கள், ஏழு என்றால் யாரோ எண்ணிப் பார்த்தது போல இருக்கிறது. அதற்குத்தான் மேலாளர் கைதட்டினார். அந்தக் கடிகாரம் நின்றாலும் இருக்கை எங்கேயும் போகாது. மாடி இருக்கைகள் விற்றுப்போகவும் இல்லை. முன் வரிசைகள் முதலில் விற்றுப் போகட்டும் என்று மாடியை மறைத்து வைத்திருந்தோம். எல்லாம் எனக்குத் தெரியும். விற்பனைப் பக்கம் தெரியாது என்று உனக்கு எழுதியது பொய்.

என் வரி முதன்முதலாகப் போனது உங்கள் ஊர் கச்சேரிக்குத்தான். அன்று காலை நாங்கள் எல்லோரும் பெரிய திரைக்கு முன்னால் நின்றோம். முன் வரிசையில் ஒவ்வோர் இருக்கையாக விற்றுப் பச்சையாக மாறும்போது கைதட்டினோம். நான்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினேன். அந்தப் பச்சையில் இரண்டு உன்னுடையது.

நான் அடித்த வரி. மை கொட்டவில்லை. "அவசரப்படாதே அக்கா, கடைசி வாரம் வரைக்கும் பொறு, விலை இறங்கும்" என்று எழுதியிருந்தேன். எழுதிவிட்டு அடித்தேன். கம்பெனி ரகசியத்தை வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். வேலை நிரந்தரமாகிற சமயம். அக்கா விவரமானவள், எப்படியும் பார்த்துக்கொள்வாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னொன்றும் உண்டு. என் வரி ஜெயிக்கவேண்டும் என்று ஆசையாக இருந்தது.

நீ சாவிக்காரரிடம் எனக்காகச் சண்டை போட்டதாக எழுதினாய். அந்தக் கடிதத்தைப் பிரித்த நாளிலிருந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை. சாப்பிடாததைச் சொல்லி உன் இரக்கத்தைச் சம்பாதிக்கப் பார்க்கிறேனோ என்றும் தோன்றுகிறது. இந்த வரிகளையும் அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இனிமேல் எதையும் அடிக்கவேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

சிட்டு

ஜூன் 1

தங்கைக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. உன் அத்தான் தினமும் தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் போய் நிற்கிறார். "அவ எழுதலைங்க, வேலை ஜாஸ்தியா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். கடிதம் தையல் மிஷின் இழுப்பறையில் நூல்கண்டுகளுக்கு அடியில் கிடக்கிறது. உன் புண்ணியத்தில் நானும் பொய் சொல்லப் பழகிவிட்டேன்.

ஊர் பேர் தெரியாதவர்களுக்கு நீ எழுதியதைப் பற்றி நான் என்ன சொல்ல? வயிற்றுப்பாடு, மேலே இருப்பவன் சொன்னான், எழுதினாய். அதை என்னால் ஒரு மாதிரி விழுங்க முடிகிறது. எனக்கு எழுதியதை விழுங்க முடியவில்லை. "பொறு" என்று எழுதியிருக்கிறாய். அக்காவுக்குச் சொல்லவேண்டும் என்று உனக்குத் தோன்றியிருக்கிறது. பிறகு அதே பேனாவால் அடித்திருக்கிறாய். அந்தக் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். எவ்வளவு நேராக இருக்கிறது தெரியுமா அந்தத் தடிக் கோடு? ஸ்கேல் வைத்த மாதிரி. கை கொஞ்சமாவது நடுங்கியிருக்கக் கூடாதா?

எனக்கு நடுங்கியது.

சாவிக்காரரிடம் போய், "நீங்க சொன்னதுதான் சரி" என்று மட்டும் சொன்னேன்.

பணம் அனுப்பாதே.

அக்கா

ஜூன் 15

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் நீங்கள் இருவரும் நலமா என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

கோடு நேராக இருந்தது என்று எழுதியிருந்தாய். ஆமாம், அக்கா. கை நடுங்கவில்லை. அதை மறுத்து எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். மேலாளரிடம் போய் அந்த வரியை எடுத்துவிடலாம் என்றேன். "ஏம்மா, ஏழு உறுத்துதுன்னா ஆறுன்னு போட்டுக்கலாமே" என்றார். கேலி செய்யவில்லை, நிஜமாகவே எனக்கு உதவுகிற நினைப்பில்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு வருஷம் முன்பு நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

டிக்கெட் வாங்கி ஏமாந்த ரசிகர்கள் பலர் சேர்ந்து நுகர்வோர் மன்றத்தில் புகார் கொடுத்திருக்கிறார்கள். ஏழு பேர் என்பது பொய் என்று அவர்களால் சொல்லத்தான் முடிந்தது, நிரூபிக்க முடியவில்லை. போன வாரம் நான் அங்கே போய், அந்த வரியை எழுதியவள் நான்தான் என்று என் பெயரைச் சொல்லி வாக்குமூலம் கொடுத்தேன். விசாரணை அறையில் உன் வயசு அம்மா ஒருத்தர் இருந்தார், மகளுக்காக டிக்கெட் வாங்கியவர். நான் பேசி முடித்ததும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் அந்த ஏழு பேரையும் நம்பினேம்மா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் ஆபீஸ் கதவு எனக்குத் திறக்கவில்லை. என் பொருள்களை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு வாசலில் கொடுத்தார்கள். என் மேலும் வழக்குப் போடலாமாம். போடட்டும். தீர்ப்பு வர நாளாகும் என்கிறார்கள். உனக்கு அதில் ஏதாவது திரும்பக் கிடைக்குமா என்று தெரியவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். ஏப்ரல் மாதக் கடிதத்தையும் இதையும் அத்தானுக்கு வாசித்துக் காட்டு. அவர் வாசலில் போய் நிற்கிறார் என்று எழுதினாயே, அதைத் தாங்க முடியவில்லை. பாதியில் நிறுத்தாமல் வாசி.

அத்தான், அந்தக் காலையில் நீங்கள் "பார்த்து" என்று சொல்ல வந்தீர்கள். நான் சொல்லியிருக்கவேண்டிய வார்த்தை அது. எனக்கு வாயும் இருந்தது, பேச்சும் இருந்தது.

சிட்டு

ஜூலை 4

சிட்டுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ சாப்பிடுகிறாயா?

இரண்டு கடிதத்தையும் வாசித்தேன். டீ கொடுத்து, ஜன்னல் ஓரம் உட்கார வைத்து, நீ கேட்டபடி நிறுத்தாமல் வாசித்தேன். இரண்டு மூன்று இடத்தில் நான்தான் தடுமாறினேன், அவர் என் முழங்கையைத் தொட்டு மேலே வாசிக்கச் சொன்னார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முடிந்ததும் கடிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வெளியே பார்த்தார். உதடு அசைய ஆரம்பித்தது. அழப்போகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன்.

"கழுதை" என்றார்.

பாட்டில்லை, சிட்டு. பேச்சு. "க" என்று திக்கவில்லை, இழுக்கவில்லை, பஸ் ஓட்டுகிற காலத்தில் குறுக்கே வந்தவனைத் திட்டுவாரே, அதே குரல், அதே அழுத்தம். எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "யாருங்க?" என்று கேட்டேன். கடிதத்தைத் தட்டிக் காட்டி, இன்னொரு தடவை, இன்னும் பலமாக, "கழுதை!" பக்கத்துக் கடையிலிருந்து சாவிக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார்.

சீருடை வேலை வந்துவிட்டது, டீச்சரையும் திரும்ப வரச் சொல்லிவிட்டேன். அவரிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவர் கையைக் கொட்டிச் சிரித்தார். "திட்டு எப்பவும் தானா வரும்மா, அது நல்ல வழி. அதைப் பிடிச்சுக்கிட்டே மத்த வார்த்தையையும் கொண்டு வந்துடலாம்" என்றார். ஆகவே இப்போது எங்கள் வீட்டில் காலையும் மாலையும் உன்னைத் திட்டுவதுதான் பாடம். நேற்று "கழுதை, தண்ணி" என்றார். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

என் கோபம் போகவில்லை. போனதாகச் சொன்னால் அது பொய்யாகிவிடும், அதில் உனக்கும் எனக்கும் பட்டது போதும். உன் கடிதத்தைப் பார்த்தால் இன்னும் வயிறு எரிகிறது. ஆனால் தைக்கவேண்டிய சீருடை கூரை வரைக்கும் குவிந்திருக்கிறது, அவர் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை, உனக்கோ இப்போது வேலை இல்லை. மிஷின் இருக்கிற அறையில் பாய் போட இடம் பண்ணியிருக்கிறேன். துணித்தூசி பறக்கும், இருமலுக்கு மருந்து எடுத்துக்கொண்டு வா.

இனிமேல் எழுதாதே. உன் அத்தான் உன்னை நேரில் திட்டவேண்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறார். வந்து வாங்கிக்கொள்.

அக்கா